ஏழாம் நம்பர் ஸ்டட்

போல்ட்டைக் கழற்றும்போது என்ஜின் பிளாக்கின் மரையும் சேர்ந்து சுருண்டு வந்தால் ஒரு மெக்கானிக் என்ன செய்ய வேண்டும்? நிதானமாக உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நான் கையிலிருந்த பானாவை, அதாவது ஸ்பேனரை, தரையில் எறிந்தேன். அது துள்ளிப் போய் டாக்ஸிக்காரரின் காலடியில் விழுந்தது. அவர் குனிந்து அதை எடுத்து, வேட்டி நுனியால் துடைத்து, என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பம்பாயில் டிராம் ஓடுவது நின்று ஓரிரு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. எனக்கு முப்பது வயது முடிந்திருந்தது. கோபத்துக்கு மட்டும் பதினெட்டுதான்.

எங்கள் ஒர்க்‌ஷாப் தாராவியில், சயான் பக்கம் திரும்பும் ரோட்டோரம் இருந்த ஒரு தகரக் கொட்டகை. நானும் என் மனைவியின் அண்ணனும் பாதிப் பாதி. இரண்டு பேருக்கும் திருநெல்வேலிப் பக்கம்தான். அவர் என்னைவிட ஆறு மாதம் மூத்தவர். நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார். சண்டை போடும்போதும் ‘நீரு, உமக்கு’ என்கிற மரியாதை குறையாது. அவருடைய தங்கை, அதாவது என் மனைவி, விவரம் தெரியுமுன்னே பம்பாய்க்கு வந்துவிட்டவள். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் இந்தி படித்தவள். இந்தியில் எந்தக் கடைக்காரனையும் மடக்கிவிடுவாள், ஆனால் தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஊரிலிருந்து கடிதம் வந்தால் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும்.

டாக்ஸிக்காரர் ஆண்டாப் ஹில்லில் இருந்தார். எங்கள் இருவரைவிடவும் மூத்தவர், அதனால் எங்களுக்கு அண்ணாச்சி. பல வருஷம் அடுத்தவர் காடியை (பம்பாயில் காரை அப்படித்தான் சொல்வோம்) ஓட்டி, அதற்கப்புறம் சொந்தமாக ஒன்று வாங்கியவர். கறுப்பும் மஞ்சளுமாக அந்த ஒரு காடிதான் அவருக்கு எல்லாம். மாட்டுங்கா சர்க்கிளில் தண்ணீர் கொதித்து நின்று போனதைக் கயிறு கட்டி இழுத்து வந்திருந்தார். திறந்து பார்த்தோம். என்ஜின் மேல் மூடி மாதிரி உட்காரும் ஹெட் வெடித்திருந்தது. அது பெரிய விஷயமில்லை. குர்லாவில் பழைய சாமான் விற்கிற இடத்தில் அதே மாதிரி ஒரு ஹெட் தேடிப் பிடித்தாயிற்று. பெரிய விஷயம், ஹெட்டைப் பிடித்துக்கொண்டிருந்த பத்து போல்ட்டுகளில் ஏழாவது. அதைக் கழற்றியபோதுதான் கீழே பிளாக்குக்குள் இருந்த இரும்பு மரை, பென்சில் சீவல் மாதிரி சுருண்டு போல்ட்டோடு வந்தது.

ஹெட் போனால் இன்னொரு ஹெட். பிளாக் போனால் என்ஜினே இல்லை. வெளிநாட்டுச் சாமான் வருவது நின்றுபோயிருந்த காலம். அந்த மாடலுக்கு இன்னொரு பிளாக் பம்பாய் முழுக்க அலைந்தாலும் கிடைக்காது. அதோடு தசராவுக்கு மறுநாள் காலை அந்தக் காடிக்குப் பாசிங். அதிகாரி முன்னால் ஓட்டிக் காட்டி, ரோட்டில் ஓடத் தகுதி உண்டு என்று எழுதி வாங்க வேண்டும். வாங்காவிட்டால் டாக்ஸி ஓட முடியாது. இந்த பிளாக் கெட்டால் அண்ணாச்சி மறுபடியும் அடுத்தவன் காடியின் கதவைத் திறந்து உட்கார வேண்டியதுதான். அவர் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. எங்களுக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும்.

மறுபடியும் போல்ட்டா, ஸ்டட்டா? அன்று மத்தியானம் முழுக்க இதே சண்டை.

நான் ஸ்டட் கட்சி. போல்ட்டுக்குத் தலை உண்டு. ஹெட்டைக் கழற்றி மாட்டும் ஒவ்வொரு தடவையும் அது பிளாக்குக்குள்ளேயே சுழன்று மரையைத் தின்கிறது. ஸ்டட்டுக்குத் தலை கிடையாது. இரண்டு முனையிலும் மரை போட்ட கம்பி, அவ்வளவுதான். ஒரு முனையை பிளாக்கில் ஒரே தடவை இறக்கினால் அது அங்கேயே குடியிருக்கும். பிறகு மேலே இருக்கிற நட்டு மட்டும்தான் சுழலும். தேய்ந்தால் நட்டு தேயட்டும், வேறு நட்டு போட்டுக்கொள்ளலாம். ஏழாவது துளையை அரை நூல் பெரிதாக்கிப் புது மரை வெட்டி, கீழ்ப் பக்கம் தடிமனும் மேல் பக்கம் பழைய அளவுமாக ஒரு ஸ்டட் கடைந்து இறக்கி, மிச்ச ஒன்பதுக்கும் பழைய அளவிலேயே ஸ்டட் போட்டுவிட்டால் போதும் என்று நான் சொன்னேன்.

மச்சான் போல்ட் கட்சி. போல்ட் கம்பெனியில் அடித்தது. ஸ்டட்டை எந்த லேத்துக்காரன் எந்தக் கம்பியில் கடைந்தான் என்று யாருக்குத் தெரியும் என்றார். இந்தக் காடியில் என்ஜினுக்குப் பின்னால் விரல் நுழையத்தான் இடம். பத்து ஸ்டட் நட்டுக்கொண்டு நின்றால் ஹெட்டை எப்படி இறக்குவது என்றார். கடைசியாகத்தான் தன் மனதில் இருந்த பயத்தைச் சொன்னார்.

“அந்தத் தொளைக்கும் தண்ணி ஓடுத அறைக்கும் நடுவுல செவுரு எம்புட்டு இருக்குன்னு உமக்குத் தெரியுமா வே? பெரிசாக்கப் போயி அது ஒடஞ்சா அண்ணாச்சிக்குப் பதில் யாரு சொல்ல? அடியில நாலு மரை இன்னும் நல்லா இருக்கு. கொஞ்சம் நீளமான போல்ட்டாப் போட்டா அதப் புடிச்சிக்கிடும்.”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அது எனக்கு அப்போதே தெரியும். ஆனால் நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். நாலு மரையை நம்பி ஒரு டாக்ஸியை ரோட்டில் விடுவதா, அடுத்த தடவை கழற்றும்போது அதுவும் சுருண்டு வந்தால் என்ன செய்வீர் என்று கத்தினேன். எதிர்ச்சாரியில் தோல் காயப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அண்ணாச்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

“எது நிக்கும் தம்பி?”

“ஸ்டட்டு நிக்கும் அண்ணாச்சி. நான் பொறுப்பு.”

மச்சான் குனிந்து, தரையில் கிடந்த சாமான்களைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தார். தோற்ற பிறகும் அதே விஷயத்தைப் பேசிக்கொண்டிருக்கிற ஆளில்லை அவர்.

மறுநாள் காலை ஏழாவது துளைக்கு நானே மரை வெட்டினேன். அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், இரண்டு சொட்டு மண்ணெண்ணெய், மறுபடியும் அரைச் சுற்று. கை தானாக வேலை செய்தது, காதுதான் செத்துச் செத்துப் பிழைத்தது. சின்னதாக ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் சுவர் போயிற்று என்று அர்த்தம். மச்சான் எதிரில் நின்று டார்ச் அடித்தார். வெளிச்சம் கொஞ்சமும் ஆடவில்லை. வெட்டி முடித்து, துளையைத் துடைத்து உள்ளே பார்த்தோம். கீறல் இல்லை, கசிவு இல்லை. “வெட்டு சுத்தமா இருக்குவே” என்றார். அந்த ஒரு வார்த்தைக்கே எனக்குத் தலை கொட்டகைத் தகரத்தில் போய் இடித்தது.

ஸ்டட்டுகளை மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் ஒரு லேத்துக்காரரிடம் கடையக் கொடுத்தேன். லாரியின் உடைந்த ஆக்சிலை அறுத்து, அந்தக் கம்பியில் கடையச் சொன்னேன். லாரியின் பாரத்தைத் தாங்கிய இரும்பு இதையும் தாங்கும். மறுநாள் மத்தியானம் பத்தும் வந்துசேர்ந்தன. புது இரும்பு, கையில் எடுத்தால் கனமாக, குளிர்ச்சியாக இருந்தது. அன்றைக்கு ஆயுத பூஜை.

எங்கள் கடையில் ஒரு சட்டம் உண்டு. மச்சான் ஏற்படுத்தியது. மரை எதுவானாலும், புதிதோ பழையதோ, பெட்ரோலில் கழுவி, துணியால் துடைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுத்தான் நட்டைப் பூட்ட வேண்டும். மரையில் அழுக்கு இருந்தால் நட்டு இறுகியது மாதிரி தோன்றும், ஆனால் இறுகியிருக்காது. கழுவுகிற வேலையை எப்போதும் அவரேதான் செய்வார். என் பொறுமை அவருக்குத் தெரியும்.

பூஜைக்கும் ஒரு சட்டம் உண்டு. அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வைஸ், ஜாக்கி, சுத்தியல், பானா எல்லாவற்றையும் கழுவி, சிவப்புத் துணி விரித்து சாமி படத்துக்கு முன்னால் அடுக்கி, சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை படைத்துவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை ஆகும்வரை ஒரு சாமானையும் தொடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மச்சான் மோதிர விரலால் அளவாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். ஸ்டட்டுகளுக்கு நான் வைக்கிறேன் என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டேன். பொட்டோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஜெயித்திருந்தேன். ஒவ்வொரு ஸ்டட்டின் மேல் முனையையும் சந்தனக் கிண்ணத்திலேயே தோய்த்து எடுத்து, தட்டில் நிற்க வைத்து, உச்சியில் குங்குமமும் வைத்தேன். பத்தும் வரிசையாக நின்றபோது பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. எடுக்கும்போது கழுவித்தானே பூட்டப் போகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ, மச்சான் பார்த்துச் சிரித்துவிட்டுத் தீபாராதனை காட்டினார்.

விஜயதசமி காலை மறுபூஜை முடிந்தது. தேங்காய் உடைத்து, தெருவில் இருந்தவர்களுக்குப் பொரி கொடுத்துவிட்டு வேலையை ஆரம்பித்தோம். அண்ணாச்சி தசராவுக்காகக் காடியின் பானெட்டில் சாமந்தி மாலை கட்டியிருந்தார். நாங்கள் பானெட்டையே கழற்றி, மாலையோடு சுவரில் சாய்த்து வைத்தோம். மச்சான் ஹெட்டைத் துடைக்கிற வேலையில் இருந்தார். அதனால் ஸ்டட்டுகளைக் கழுவும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

கீழ் முனைகளைக் கழுவினேன். மேல் முனைக்கு வந்ததும் கை நின்றது. சாமிக்கு வைத்த சந்தனம். அதன் மேல் பெட்ரோலை ஊற்றித் தேய்த்துச் சாக்கடையில் விடுவதா? அண்ணாச்சியின் பிழைப்பு இதில் தொங்கிக்கொண்டிருக்கும்போது அது அபசகுனமாகத் தோன்றியது. துணியால் மட்டும் துடைத்தேன். மேலே தெரிந்த மஞ்சள் போயிற்று. மரையின் இடுக்குகளில் காய்ந்து ஒட்டியிருந்ததை விரல் நகத்தால் தடவிப் பார்த்துவிட்டு, இருக்கட்டும், சாமி துணையாக உள்ளேயே இருக்கட்டும் என்று விட்டேன். சந்தனத்தின் மேல் என்ஜின் எண்ணெய் விடவும் மனசு வரவில்லை. அவ்வளவு பக்திமானா நான் என்று கேட்டால், வருஷத்தில் மற்ற நாளெல்லாம் கோயில் பக்கமே போகாதவன்.

ஸ்டட்டுகளை பிளாக்கில் முறுக்கிவிட்டு ஹெட்டை இறக்கும்போது மச்சான் பயந்தது நடந்தது. பின்சுவரை ஒட்டியிருந்த இரண்டு ஸ்டட்டுகளைத் தாண்டி ஹெட் உள்ளே போகவில்லை. நான் பல்லைக் கடித்தேன். தோற்றவர்தான் வழி சொன்னார்: அந்த இரண்டையும் கழற்றிவிட்டு, எட்டின் மேல் ஹெட்டை உட்கார வைத்து, பிறகு மேலேயிருந்து துளை வழியாக இரண்டையும் விட்டு முறுக்கினால் ஆயிற்று. அப்படியே செய்தோம். ஹெட் சரியாகப் போய் உட்கார்ந்தது. நான் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

எங்களிடம் ஒரு முள் பானா இருந்தது. கப்பல் உடைக்கிற இடத்திலிருந்து மச்சான் தேடி வாங்கியது. நட்டை முறுக்க முறுக்க, எவ்வளவு பலம் போகிறது என்று கைப்பிடிக்கு மேல் இருக்கும் முள் நகர்ந்து காட்டும். நாற்பத்தைந்தில் நிறுத்த வேண்டும். நடுவிலிருந்து ஆரம்பித்து வெளிப் பக்கமாக, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசைப்படி முறுக்கினேன். நாலாவது நட்டில் ‘கிறீச்’ என்று ஒரு சத்தம் வந்தது. ஐந்தாவதிலும் வந்தது. அந்தச் சத்தம் எனக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று இன்றைக்குப் பொய் சொல்லப் போவதில்லை.

“மாப்ள, நட்டு அழுவுது. ஒண்ணக் கழத்திப் பாத்துருவோம்.”

“ஸ்டட்டு செயிச்சதுல உமக்கு வயித்தெரிச்சல். அதான் உம்ம காதுல அழுவுது. முள்ளப் பாரும், நாப்பத்தஞ்சுல நிக்குது.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். மச்சான் கையிலிருந்த துணியை மடித்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நான் மிச்ச ஐந்தையும் முறுக்கினேன். ஏழாவது நட்டும் கிறீச்சிட்டது. முள் நாற்பத்தைந்தில் நின்றது.

பானெட்டை மாட்டிக்கொண்டு, மத்தியானத்துக்கு மேல் நானும் அண்ணாச்சியும் ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். மச்சான் வரவில்லை. சயான் ஆஸ்பத்திரி தாண்டி, ரயில் பாலம் ஏறி, செம்பூர் ரோட்டில் போனோம். ரோட்டில் இருந்த காடிகளெல்லாம் மாலை போட்டிருந்தன. என்ஜின் சத்தம் சங்கீதம் மாதிரி இருந்தது. அண்ணாச்சி மூன்று நாளில் முதல் தடவையாக வெற்றிலை போட்டுக்கொண்டார். செம்பூர் நாக்கா சந்திப்பை நெருங்கும்போது அவர் தாடை நின்றது.

“சூடு ஏறுதே தம்பி.”

சூடு காட்டும் முள் சிவப்பை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பானெட்டின் இடுக்கிலிருந்து ஆவி வந்தது. ஓரம் கட்டி நிறுத்தினோம். மாலையை ஒதுக்கிவிட்டு பானெட்டைத் தூக்கினேன். சாமந்தி ஆவியில் வெந்து விரலில் ஒட்டியது. ஹெட்டும் பிளாக்கும் சேரும் விளிம்பில், ஏழாவது ஸ்டட்டுக்குப் பக்கத்தில், தண்ணீர் பொடிப் பொடியாகக் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

ஏழாவதுக்குப் பக்கத்தில் தண்ணீர் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் எனக்குத் தோன்றியது: நான் வெட்டிய மரை சுவரை உடைத்திருக்கிறது. மச்சான் சொன்ன சுவர். அன்றைக்குக் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த கீறல், சூட்டில் விரிந்திருக்கிறது. பிளாக் போயிற்று. நாலு மரையை நம்பி ஒரு போல்ட் போட்டிருந்தால் இந்த மனிதர் நாளைக்குப் பாசிங் வாங்கியிருப்பார். ‘நான் பொறுப்பு’ என்று சொன்ன வாயை என்ன செய்வது என்று தெரியவில்லை.

அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் திருப்பிக் கத்தி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் கொப்பளிப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “நாளைக்குக் காலைல பாசிங் தம்பி” என்றார். எனக்கு ஞாபகப்படுத்துவது மாதிரி, மெதுவாக.

டீக்கடையில் வாளி வாங்கித் தண்ணீர் ஊற்றினோம். இரண்டு பர்லாங் ஓட்டுவோம், நிறுத்துவோம், ஆறவிடுவோம், ஊற்றுவோம். அரை மணியில் போன ரோட்டில் திரும்பி வர இரண்டு மணி நேரம் ஆயிற்று. வழியில் அவர் ஒரே ஒரு தடவை பேசினார்.

“போல்ட்டே போட்டிருக்கலாமோ?”

நான் காலி வாளியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

கொட்டகை வாசலில் மச்சான் நின்றுகொண்டிருந்தார். அண்ணாச்சி முகம் கழுவக் குழாய்ப் பக்கம் போனார். நான் இறங்கி, “பிளாக் போச்சு மச்சான். செவுரு ஒடஞ்சிட்டு” என்றேன். நான் சொன்னதுதானே என்று அவர் கேட்கவில்லை. என்ஜின் ஆறட்டும் என்றார். கையை வைக்கிற அளவுக்கு ஆறும்வரை காத்திருந்தோம். பிறகு பானாவை எடுத்து ஏழாவது நட்டைக் கழற்றினார். அது கிறீச்சிட்டுக்கொண்டே வந்தது. நட்டைத் திருப்பி வெளிச்சத்தில் பார்த்தார். நகத்தால் உள்ளே சுரண்டினார். பழுப்பாக ஏதோ பொடி வந்தது. அதை மூக்கருகே கொண்டு போனார்.

எனக்கு அவர் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. நான் நின்ற இடத்துக்கே அந்த வாசனை வந்துவிட்டது. வெந்த சந்தனம்.

சுவர் உடையவில்லை. ஸ்டட்டிலும் குற்றம் இல்லை. மரையில் காய்ந்த சந்தனத்தோடு மல்லுக்கட்டியே நட்டின் பலமெல்லாம் போயிருக்கிறது. முள் நாற்பத்தைந்து என்று காட்டியதில் பாதிகூட ஹெட்டை அழுத்தவில்லை. ஹெட் லேசாக உட்கார்ந்திருந்ததால் தண்ணீர் வழி கண்டுபிடித்து வந்திருக்கிறது. மச்சான் என்னை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். திறந்தேன் என்பது உண்மை. மச்சான் முந்திக்கொண்டார்.

“ஸ்டட்டுல குத்தம் இல்ல அண்ணாச்சி. மாப்ள சொன்னது சரிதான். மரையைக் கழுவுத வேல என்னுது. பண்டிக நெனப்புல கழுவாமக் குடுத்திட்டேன். இப்பச் சரி பண்ணிருவோம்.”

அண்ணாச்சி அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் மச்சானை அப்படிப் பார்த்ததில்லை. “பாத்துச் செய்யக் கூடாதா தம்பி. என் உசிரே இதுலதான இருக்கு” என்றார். மச்சான் தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார். நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

ஹெட்டைக் கழற்ற நேரமில்லை, தேவையும் இல்லை. ஒரு சமயத்தில் ஒரு நட்டு மட்டும். கழற்று, ஸ்டட்டின் மரையைத் தூரிகையும் பெட்ரோலும் போட்டுத் தேய், நட்டைக் கழுவு, இரண்டு சொட்டு எண்ணெய், முறுக்கு, அடுத்தது. மச்சான் கழுவினார், நான் முறுக்கினேன். கிறீச் சத்தம் போய்விட்டது. முள் அதே நாற்பத்தைந்தைத்தான் காட்டியது, ஆனால் நட்டு முன்பைவிட முக்கால் சுற்று கூடுதலாக இறங்கியது. அப்போதுதான் எனக்கு அடுத்த பயம் வந்தது. இவ்வளவு நேரம் ஏழாவது துளையில் உண்மையான பாரமே ஏறவில்லை. இனிமேல்தான் ஏறப் போகிறது. புது மரை பிடிக்காவிட்டால், மெலிந்த சுவர் தாங்காவிட்டால், இப்போதுதான் போகும்.

ஏழாவதைக் கழுவி எண்ணெய் விட்டுவிட்டு மச்சான் ஒதுங்கினார்.

“நீரே இழும் வே. உம்ம கை வச்ச தொளை.”

அண்ணாச்சி காடியின் மட்கார்டில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். நான் முள் பானாவை மாட்டினேன். முப்பதுவரை மெத்தென்று போனது. முப்பத்தைந்தில் உள்ளங்கை வேர்த்தது. துடைத்துக்கொண்டு மறுபடி பிடித்தேன். மரை கெடும்போது கைக்குத் தெரியும்: முள் நகராமல் நிற்கும், பானா மட்டும் வழவழவென்று போய்க்கொண்டிருக்கும். நாற்பதில் ஒரு கணம் முள் நின்றது. நட்டு இன்னும் கொஞ்சம் இறங்கியது. முள் மறுபடி நகர்ந்தது. நாற்பத்திரண்டு. நாற்பத்தைந்து. நான் கையை எடுக்காமல் அப்படியே நின்றேன். மச்சான்தான் என் விரல்களைப் பிரித்துப் பானாவை வாங்கினார்.

என்ஜினை ஓட விட்டோம். சூடு ஏறி, பாதியில் நின்றது. ரேடியேட்டரில் குமிழி இல்லை. விளிம்பு காய்ந்திருந்தது. ஆறவிட்டு இன்னொரு தரம் வரிசையாக முறுக்கிப் பார்த்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் அண்ணாச்சி காடியைத் தானே ஓட்டிக்கொண்டு ஆண்டாப் ஹில்லுக்குப் போனார். கிளம்பும்போது என் தோளைத் தட்டினார். மச்சானிடம் தலையை மட்டும் ஆட்டினார். மறுநாள் பாசிங் கிடைத்தது.

நான் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போனபோது என் மனைவி இலை போட்டு வைத்திருந்தாள். பண்டிகைச் சாப்பாடு. பாயசத்தைக் கிண்ணம் நிறைய ஊற்றினாள். முகமெல்லாம் பூரிப்பாக இருந்தது.

“அண்ணன் இப்பதான் வந்துட்டுப் போனாவ. இன்னைக்கு அவங்க கவனமில்லாம செஞ்சதுல உங்க பேரு கெடப் பாத்துச்சாமே. நீங்க ஒரு வார்த்த கோவப்படலியாம். மாப்ளைக்குப் பெரிய மனசுன்னு சொல்லிட்டுப் போனாவ.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். உண்மையைச் சொல்ல இன்னொரு வாய்ப்பு இலைக்கு எதிரே வந்து உட்கார்ந்திருந்தது. ஆசையாய் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவளிடம் அதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. பாயசத்தை முழுக்கக் குடித்தேன். அதற்காக நான் வெட்கப்பட்ட மாதிரி வேறு எதற்கும் வெட்கப்பட்டதில்லை.

அந்த டாக்ஸியின் ஹெட்டை அதற்கப்புறம் இரண்டு தடவை கழற்றியிருக்கிறேன். ஏழாம் நம்பர் ஸ்டட் அசையவே இல்லை. நானும் மச்சானும் அந்தச் சந்தனத்தைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணாச்சி கடைசிவரை தன் காடியை நான்தான் முறுக்க வேண்டும் என்பார், மச்சானிடம் கொடுக்க மாட்டார். மச்சான் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொள்வார். மச்சான் காலமாகி நாலு வருஷம் ஆகிறது. என் மனைவி இன்றைக்கும் யாராவது என் கோபத்தைப் பற்றிப் பேசினால் அந்த விஜயதசமியைச் சொல்லித்தான் எனக்குப் பரிந்து பேசுவாள்.

இதை எழுதி முடித்ததும் அவளிடம் நான்தான் வாசித்துக் காட்ட வேண்டும். ஊரிலிருந்து வரும் கடிதங்களில் அவள் மனசு நோகிற மாதிரி ஏதாவது இருந்தால், வாசிக்கும்போது அந்த வரியை நான் தாண்டிவிடுவது வழக்கம். இதில் ஒரு வரியையும் தாண்டக் கூடாது.